பிசினஸ் கிளாஸுக்குப் பணம் கட்டி, நடு சீட்டில் உட்கார்ந்து போன கதை

34 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தவள். அப்படிப்பட்ட நான் விமான நிறுவனத்தின் படிவம் ஒன்றைப் படிக்காமல் டிக் அடித்துவிட்டு, பிசினஸ் கிளாஸுக்குப் பணத்தையும் கட்டிவிட்டு, எகானமியில் இரண்டு பேருக்கு நடுவே 9 மணி நேரம் உட்கார்ந்து சிகாகோ போய்ச் சேர்ந்தேன். இதை வீட்டில் சொல்லவே கொஞ்ச நாள் ஆயிற்று. இப்போது எழுதுவதற்குக் காரணம், என் வயதில் என்னைப் போலவே பிள்ளைப்பேறு பார்க்கத் தனியாக அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது ஒருத்தி அந்த "அப்கிரேடு செய்துகொள்ளுங்கள்" மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் இதைப் படித்தால் போதும்.

2024 நவம்பர். மகளுக்கு டிசம்பர் முதல் வாரம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். மாமியாருக்கு 88 வயது, அவரை விட்டு என் கணவர் நகர முடியாது, அதனால் நான் மட்டும். எனக்கு முதுகில் எல்4, எல்5 தட்டு நகர்ந்த பிரச்சினை ஏழெட்டு வருடமாக உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்தால் வலது கால் மரத்துப்போகும். டாக்டர் "பறக்கலாம், ஆனால் நடுவில் படுக்க முடிந்தால் நல்லது" என்றார். எகானமி டிக்கெட் போகவர 1,18,000 ரூபாய். பிசினஸில் கேட்டேன், மூன்றே கால் லட்சம் சொன்னார்கள். அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. எகானமியை வாங்கி, நீண்ட விமானத்தில் மட்டும் கால் நீட்ட இடமுள்ள சீட்டுக்குத் தனியாக 4,200 ரூபாய் கட்டினேன். இந்த 4,200 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வழி இதுதான்: சென்னையிலிருந்து அதிகாலை 3:40க்குக் கிளம்பி வளைகுடா நகரம் ஒன்றுக்கு நாலரை மணி நேரம். அங்கே 1 மணி 50 நிமிடம் இடைவெளி. பிறகு நேராகச் சிகாகோ, 15 மணி நேரம். எந்த நகரம் என்று சொன்னால் எந்த நிறுவனம் என்பது தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. நாமே விலை கேட்டு அப்கிரேடு, அதாவது மேல் வகுப்பு சீட்டு, வாங்கும் முறை பல நிறுவனங்களில் இருப்பதால் பெயர் முக்கியமும் இல்லை.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஏஜென்ட் ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவைத்தார். பிசினஸ் கிளாஸில் காலியாக இருக்கும் சீட்டுக்கு நீங்களே ஒரு விலை கேட்கலாம், சரிப்பட்டால் தருவோம் என்று சாரம். திறந்தால் இரண்டு விமானத்துக்கும் இரண்டு பட்டை, பக்கத்தில் மீட்டரில் இருப்பதுபோல ஒரு முள். பட்டையை வலப்பக்கம் இழுத்தால் தொகை ஏறும், முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். பச்சைக்குப் போனால் கிடைக்கும் வாய்ப்பு அதிகமாம். வங்கியில் நகை ஏலம் எத்தனையோ நடத்தியிருக்கிறேன். அங்கே பக்கத்தில் நிற்பவர் கேட்கும் விலை காதில் விழும், அதற்கு மேல் கேட்பதா விடுவதா என்று முடிவு செய்யலாம். இங்கே எத்தனை சீட்டு காலி, எத்தனை பேர் கேட்கிறார்கள், யார் எவ்வளவு கேட்டார்கள், எதுவும் தெரியாது. அந்த முள் விமான நிறுவனத்தின் முள். அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது சிகாகோ விமானம் மட்டும்தான். ஆனால் இரண்டு பட்டையிலும் ஏற்கெனவே ஒரு தொகை வைத்து, இரண்டும் தேர்வாகியிருந்தன. ஒன்றை நீக்கினால் நான் கேட்பது மொத்தத்தையும் நிராகரித்துவிடுவார்களோ என்று பயந்து இரண்டையும் விட்டுவிட்டேன். முதல் தவறு. ஒவ்வொரு விமானமும் தனி ஏலம். சென்னையிலிருந்து வளைகுடா போகும் குட்டி விமானத்துக்குக் கிடைத்து, நீண்ட விமானத்துக்குக் கிடைக்காமலும் போகலாம். ஒன்றுக்குக் கேட்காவிட்டால் மற்றதன் வாய்ப்பு குறையாது. தொகையும் ஒருவருக்கு, ஒரு விமானத்துக்கு என்ற கணக்கு. கணவன் மனைவி ஒரே புக்கிங்கில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் என்று பிரிக்க முடியாது. இதெல்லாம் அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் படிக்கச் சொன்னவள் படிக்கவில்லை. சென்னை விமானத்துக்கு 230 டாலர், சிகாகோ விமானத்துக்கு 820 டாலர் என்று போட்டு, கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

கிடைத்த செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், இரவு 2 மணிக்கு, வங்கியின் எஸ்.எம்.எஸ். மூலம். "உங்கள் கார்டில் 230 அமெரிக்க டாலர் செலவாகியுள்ளது." யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று பதறி எழுந்து உட்கார்ந்தேன். கார்டை முடக்கவே போய்விட்டேன், அப்புறம்தான் உறைத்தது. உறுதிசெய்யும் மின்னஞ்சல் ஏஜென்ட்டின் முகவரிக்குப் போயிருந்தது, ஏனென்றால் டிக்கெட்டில் இருந்தது அவருடைய முகவரி. அவர் காலை 10 மணிக்குக் கடை திறந்த பிறகுதான் பார்த்தார். ஏஜென்ட் மூலம் டிக்கெட் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். விமான நேரம் மாறினால்கூட செய்தி ஏஜென்ட்டுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.

குட்டி விமானம் மட்டும் கிடைத்ததில் எனக்கு எரிச்சல். ரத்து செய்யலாமா என்று பார்த்தேன். ஏற்றுக்கொள்ளப்படும்வரை தொகையை மாற்றலாம், விலகலாம். ஏற்றுக்கொண்டபின் எதுவும் முடியாது. மறுநாள் மாலை 820 டாலரும் போயிற்று. ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் வயிற்றில் ஏதோ செய்தது. அன்றைக்கு ஒரு டாலர் 84 ரூபாய். இரண்டும் சேர்த்து 88,200. அதோடு முடியவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் என் கார்டில் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது 3,643 ரூபாய். ஆக மொத்தம் 91,843. வங்கிக்காரி நான், இது தெரியாதா? தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லவும் செய்வேன். பட்டையை இழுக்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. இந்தக் கட்டணம் குறைவாக இருக்கும் கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதைக் கொடுங்கள். ஆனால் விமான நிலையத்தில் அந்தக் கார்டைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நவம்பர் நடுவில் சென்னையில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு முழுக்க மழை. விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், கதவையும் மூடிவிட்டார்கள், ஆனால் நகரவில்லை. நாங்கள் ஏறியதும் புக்கிங்கில் இருந்த விமானம் இல்லை, அதற்குப் பதிலாக மாற்றிவிட்ட சின்ன விமானம். பிசினஸ் கிளாஸ் சீட்டு நன்றாக அகலமாக, பின்னால் சாயக்கூடியதாக இருந்தது, ஆனால் படமாகப் போட்டிருந்ததைப் போலக் கட்டிலாக விரியவில்லை. "பிசினஸ் கிளாஸ்" என்ற ஒரே பெயரில் விற்பது எல்லா விமானத்திலும் ஒரே பொருள் இல்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் குட்டி விமானங்களில் பெரும்பாலும் எகானமியில் இருக்கும் அதே சீட்டுதான், நடு சீட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் நன்றாகக் கொடுப்பார்கள். என்ன விமானம், சீட்டு முழுதாகப் படுக்குமா என்று புக்கிங்கில் பார்த்துவிட்டு விலை கேட்பது நல்லது. கடைசி நேரத்தில் விமானம் மாறினால் அதற்கு மருந்து கிடையாது.

3:40க்குக் கிளம்ப வேண்டியது 6:15க்குக் கிளம்பியது. அந்த நாலரை மணி நேரத்தில் நான் தூங்கியது இரண்டு மணி நேரம். கட்டணத்தோடு சேர்த்து 20,118 ரூபாய் கொடுத்த சீட்டு அது. ஒரு மணி நேரத் தூக்கம் பத்தாயிரம் ரூபாய். தாஜ் ஓட்டலில்கூட அவ்வளவு ஆகாது.

இங்கேதான் என் பெரிய தவறு. எவ்வளவு கேட்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள், 1 மணி 50 நிமிட இடைவெளியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மழைக்காலத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் விமானம், அதை நம்பி ஒரு 15 மணி நேர விமானம், அந்த விமானத்தில் எழுபதாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஒரே டிக்கெட்டில் இருப்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்கிரேடு அப்படி இல்லை. அது அந்தத் தேதியில், அந்த எண்ணுள்ள விமானத்தில், அந்த ஒரு சீட்டுக்குக் கட்டிய பணம். நீங்கள் வேறு விமானத்துக்கு மாறினால் டிக்கெட் உங்களோடு வரும், அப்கிரேடு பழைய விமானத்தோடு போய்விடும். மூன்று மணி நேரமாவது இடைவெளி இல்லாத கனெக்‌ஷனில் இரண்டாவது விமானத்துக்கு முன்பணம் கட்டவே மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இறங்கும்போது அங்கே மணி 9:15. சிகாகோ விமானம் 8:30க்கே போய்விட்டது. சென்னையிலேயே கொடுத்த பிசினஸ் கிளாஸ் போர்டிங் பாஸ் கையில் இருக்கிறது, ஜன்னல் சீட்டு, விமானம்தான் இல்லை. வீல்சேர் தள்ளி வந்த பையன் டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் விட்டான். அங்கே இருந்தவர் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார், பாலக்காட்டுக்காரர். "அம்மா, 10:50க்கு ஐரோப்பா வழியா ஒரு ஃபிளைட் இருக்கு. பார்ட்னர் கம்பெனி. இன்னிக்கு ராத்திரி ஏழே காலுக்குச் சிகாகோ போயிடலாம். போறீங்களா?" நான் யோசிக்கவே இல்லை, "போறேன்பா" என்றேன். மகள் தனியாக இருக்கிறாள், விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வருவார், இதுதான் மனதில். அவர் தட்டிக்கொண்டே, "நாளைக்குக் காலையில நம்ம டைரக்ட் ஃபிளைட்டும் இருக்கு, ஓட்டல் கொடுப்போம்" என்றார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. புது போர்டிங் பாஸ் இரண்டு அச்சாகி வந்தன. பழையதை வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டார். அப்போதுதான் கேட்டேன், "பிசினஸ் சீட்டுதானே?"

அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. "அம்மா, நீங்க அப்கிரேடு வாங்கினதா? பார்ட்னர் ஃபிளைட்ல அது செல்லாது. நாளைக்கு நம்ம ஃபிளைட்டா இருந்தா, சீட்டு காலி இருந்தா நான் மேலே கேட்டுப் பார்த்திருப்பேன். இப்போ டிக்கெட் மாத்தியாச்சு." திரும்ப மாற்ற முடியுமா என்றேன். முடியும், ஆனால் நேரம் ஆகும், 10:50 விமானமும் போய்விடும், நாளை சீட்டு கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். கேட் மூட 35 நிமிடம் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஆகவே கவுன்ட்டரில் நின்றால் வாயிலிருந்து வர வேண்டிய முதல் வாக்கியம்: "நான் இந்த விமானத்துக்கு அப்கிரேடுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்." அவர்களுடைய திரையில் அது முதலில் தெரியாமல் போகலாம், உங்கள் டிக்கெட் எகானமி என்றுதான் காட்டும். இரண்டாவது, "இதே நிறுவனத்தின் அடுத்த விமானம் எப்போது, அதில் பிசினஸில் இடம் இருக்கிறதா?" மூன்றாவது, பழைய போர்டிங் பாஸைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். நான்கு மாதம் நான் அலைந்ததில் பாதி, அந்தக் கிழிந்த அட்டைக்காகத்தான்.

அந்த ஐரோப்பிய விமான நிலையத்தில் வீல்சேர் வரவில்லை. டிக்கெட்டை மாற்றும்போது நாம் முன்பு பதிந்துவைத்த வீல்சேர், சைவச் சாப்பாடு போன்றவை சில சமயம் புது விமானத்துக்குப் போய்ச் சேராமல் விழுந்துவிடுமாம். எனக்கு இரண்டுமே விழுந்துவிட்டன. அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்ததால் அங்கே தனி டிரான்சிட் விசா கேட்கவில்லை, அது ஒன்றுதான் நல்ல சேதி. ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். சிகாகோ விமானத்தில் நடு சீட்டு. இடப்பக்கம் ஒரு கல்லூரிப் பையன், வலப்பக்கம் ஒரு பெரிய உடம்புக்காரர், பாவம் அவரும் இடமில்லாமல் நெளிந்தார். சாப்பாட்டில் கோழி வந்தது, ரொட்டியையும் வெண்ணெயையும் தின்றேன். நாலாவது மணி நேரத்தில் கால் மரத்தது. ஆறாவது மணி நேரத்தில் பின்பக்கக் கழிவறை அருகே நின்றுகொண்டு அழுதேன். வலி பாதி. மீதி, 820 டாலர் கட்டிவிட்டு இப்படி நிற்கிறோமே என்ற ஆத்திரம்.

சிகாகோ போய் ஐந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. மகளுக்கு ஒன்பதாம் மாதம். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கப் போன நான் படுத்துக்கிடக்க, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் எனக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்தாள். "விடும்மா, வந்துட்டே இல்ல" என்றாள். விட முடியவில்லை.

நவம்பர் 22 அன்று ரீஃபண்ட் கேட்டு எழுதினேன். விமான நிறுவனம், "அப்கிரேடு ஏலத்தை நடத்துவது வேறு நிறுவனம், அவர்களைக் கேளுங்கள்" என்றது. அந்த நிறுவனம், "ஏற்கப்பட்ட ஏலத்துக்குப் பணம் திரும்பத் தரப்படாது, தாமதம் மழையால் ஏற்பட்டது, விமான நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றது. பந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் முழுக்கப் பேத்தி, தாலாட்டு, மருந்துக் கஞ்சி என்று ஓடியது. இரவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கைபேசியில் விதிமுறை படித்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அப்கிரேடுக்குப் பணம் கட்டினால் அதற்கென்று தனியாக ஒரு மின்னணு ரசீது போடுவார்கள், இ.எம்.டி. என்று பெயர். டிக்கெட்டுக்கு இருப்பதுபோலவே 13 இலக்க எண், முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. அந்த எண்ணைச் சொல்லாமல் "நான் அப்கிரேடு வாங்கினேன்" என்று எவ்வளவு எழுதினாலும் பதில் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்த ரசீதை வரவழைத்து, எண்ணைப் பார்த்தால், முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துடையதுதான். அதாவது பணத்துக்குப் பொறுப்பு அவர்களே. அன்றோடு "வேறு நிறுவனம்" என்ற பேச்சு நின்றுவிட்டது.

அடுத்தது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024இல் கொண்டுவந்த ரீஃபண்ட் விதி. அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கும் பொருந்தும், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும். பணம் கட்டி வாங்கிய கூடுதல் சேவையைக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். கீழ் வகுப்புக்கு மாற்றினால் வித்தியாசத்தைத் தர வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் 7 வேலை நாள், மற்ற வகையில் கட்டியிருந்தால் 20 நாள். அந்தத் துறையின் இணையதளத்தில் புகார் பதியலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், 60 நாளுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிசினஸ் டிக்கெட் வைத்திருப்பவரை அவர் விருப்பமில்லாமல் எகானமிக்கு இறக்கினால், 2023 பிப்ரவரி 15 முதல் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்ந்த டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வரும். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர்வரை 30 சதவீதம், 3,500வரை 50, அதற்கு மேல் 75. புகாருக்கு மத்திய அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் 30, 50, 75 என்ற படிகள் உண்டு. ஆனால் ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் சொன்னபடி, எந்த விமானத்தில் இறக்கினார்களோ அந்த ஒரு விமானத்தின் விலையில்தான் கணக்கு, வரி சேராது. என் விஷயத்தில் இந்த இரண்டும் உதவவில்லை, ஏனென்றால் நான் இறக்கப்படவில்லை, வேறு விமானத்துக்கு "சம்மதித்து" மாறினேன். அந்த "போறேன்பா" எனக்கு அவ்வளவு விலை வைத்தது.

2025 ஜனவரி 8 அன்று அமெரிக்கத் துறையில் புகார் பதிந்தேன். இ.எம்.டி. எண், கார்டு கணக்கு அறிக்கை, சிகாகோ போன விமானத்தின் எகானமி போர்டிங் பாஸ், இவற்றோடு அரைப் பக்கக் கடிதம். அதில் அழுகை இல்லை, முதுகு வலி இல்லை. தேதி, விமான எண், தொகை, கொடுக்கப்படாத சேவை, அவ்வளவுதான். முந்தைய ஆறு மின்னஞ்சலிலும் முதுகைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், அதற்கெல்லாம் "உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. பிப்ரவரி 24 அன்று, பணம் தருகிறோம் என்றார்கள். மார்ச் 6 அன்று கணக்கில் ஏறியது. இது நடக்காவிட்டால் வங்கியில் தகராறு மனு கொடுக்கத் தயாராக இருந்தேன். அதற்குப் பெரும்பாலும் 120 நாள்தான் கெடு, அதைத் தாண்டவிட்டுவிடாதீர்கள். தகராறு நடக்கும்போது கார்டு பில்லைக் கட்டாமலும் இருக்காதீர்கள், வட்டி தனியாக ஓடும்.

வந்தது 820 டாலர், ஆனால் ரூபாய்க் கணக்கு வேறு. இடையில் டாலர் ஏறிவிட்டது, 86 ரூபாய் 50 காசுக்கு வரவு வைத்தார்கள், 70,930 ரூபாய். கட்டணத்தோடு நான் கட்டியது 71,725. கூடுதல் கட்டணத்தை வங்கி திருப்பித் தராது. ரூபாய் சரிந்த புண்ணியத்தில் நட்டம் 795 ரூபாயோடு நின்றது. டாலர் இறங்கியிருந்தால் என் பாடு திண்டாட்டம். சென்னை விமானத்துக்குக் கட்டிய 20,118 போனது போனதுதான், அந்தச் சீட்டில் உட்கார்ந்துதானே வந்தேன். அப்புறம் அந்த 4,200. அப்கிரேடு கிடைத்ததும் எகானமி சீட்டைத் தானாக விடுவித்துவிடுவார்கள், அதற்குக் கட்டிய பணம் திரும்பாது என்பது அவர்கள் நிலை. சீட்டுக்குப் பணம் கட்டுவதும் ஏலத்தில் கேட்பதும் இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏப்ரலில் திரும்பினேன். இந்த முறை ஏலமே வேண்டாம் என்று இருந்தேன், குறைந்தபட்சத் தொகையே 780 டாலர் என்று பட்டை காட்டியது. ஓ'ஹேர் விமான நிலையத்தில் ஐந்தாம் டெர்மினலில் பெட்டியைப் போடும்போது கவுன்ட்டரில் இருந்த பெண் தானாகவே, "வளைகுடாவரை பிசினஸில் இடம் இருக்கிறது, 650 டாலர், வேண்டுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை பின்னால் நின்று தலையாட்டினார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த விமானத்துக்கு மட்டும்? இன்றைக்குப் போகும் விமானத்தில் சீட்டு முழுதாகப் படுக்குமா? லவுஞ்ச் உண்டா? விமானம் ரத்தானால் பணம் யார் தருவார்கள்? ரசீது எண் இப்போதே அச்சிட்டுத் தருவீர்களா? என் பின்னால் வரிசை நீண்டது, யாரோ பெருமூச்சு விட்டார்கள். லவுஞ்ச் கிடையாது என்றாள். பரவாயில்லை என்றேன். விமானம் கேட்டில் நிற்கிறது, வானம் தெளிவாக இருக்கிறது, நடுவில் பிடிக்க வேண்டிய விமானம் இதற்கு முன்னால் எதுவும் இல்லை. இதற்குக் கட்டலாம். மாப்பிள்ளையின் அமெரிக்கக் கார்டில் கூடுதல் கட்டணமும் இல்லை. கவுன்ட்டரில் எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏழு மணி நேரம் தூங்கினேன். முதுகு நிமிர்ந்து, கால் நீட்டி, கட்டிலில் படுப்பதுபோல. எழுந்தபோது கால் மரத்திருக்கவில்லை. நவம்பரில் இது கிடைத்திருந்தால் மகளுக்கு அந்த ஐந்து நாளும் நான் சமைத்துப் போட்டிருப்பேன் என்று தோன்றியது. வளைகுடாவில் இறங்கி, சென்னை விமானத்துக்குக் காத்திருந்தபோது கைபேசியில் செய்தி: 190 டாலருக்குக் கடைசி வாய்ப்பு. எகானமியில் ஓரச் சீட்டு, நடுவில் இரண்டு முறை எழுந்து நடந்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த 4,200 ரூபாய்க்காக மாதம் முதல் தேதி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். ரசீது எண், தேதி, தொகை, மூன்று வரி. பதில் வரும்போதெல்லாம் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று முடிக்கிறார்கள். "அவ்வளவு சின்னத் தொகைக்கா?" என்று கணவர் கேட்கிறார். 34 வருடம் 50 காசு வித்தியாசம் வந்தாலும் ராத்திரி 8 மணிவரை உட்கார்ந்து கணக்கை நேர்செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன், அது அவருக்கும் தெரியும்.